எட்டடிக்கு ஆறடி மேட்டுப்பாத்தி

மாப்ள,

இன்று காலை மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டினேன். மூக்கருகில் தக்காளிச் செடியின் வாசம். கொஞ்ச நேரத்துக்கு முன்புதான் உன் வீட்டுப் பாத்தியில் தக்காளியின் பக்கக் கிளைகளைக் கிள்ளிவிட்டு வந்திருந்தேன். கை கழுவியும் போகவில்லை, விரல் இடுக்கில் பச்சைக் கறை வேறு. "சோப்புப் போட்டுக் கழுவிட்டு வந்து உக்காருங்க, இட்லியெல்லாம் செடி வாடை அடிக்கப்போகுது" என்று என் வீட்டுக்காரி அடுப்படியிலிருந்து சத்தம் போட்டாள். நான் கழுவவில்லை. அந்தக் கையோடு உட்கார்ந்து உனக்கு இதை எழுதுகிறேன். வருகிற மார்கழியோடு நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. உன்னிடம் கேட்க வேண்டிய மன்னிப்பை நான் கடைசிவரை வாய்விட்டுக் கேட்கவில்லை. எழுதியாவது கேட்போம் என்று பல நாளாக நினைத்து, இன்றைக்குத்தான் கை வந்தது.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். பக்கவாதம் வந்து நீ விழுந்த பிறகு மூன்று மாதம் நான் உன்னைப் பார்க்க வரவில்லை. வெளியூரில் இருந்தேனா என்றால் இல்லை. உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஐந்தடி உயர மதில் ஒன்றுதான். அதுவும் நான் பிளான் போட்டுக் கொடுத்த மதில்.

நீ முதன்முதலாக என் ஆபீஸ் மாடிப்படி ஏறி வந்தது நினைவிருக்கிறதா? காளவாசலில் இரண்டு பேர் உட்கார்ந்தால் மூன்றாமவர் நிற்க வேண்டிய அறை அது. கோரிப்பாளையத்தில் பைப் கடை வைத்திருந்த நீ, நான் வரைந்த ஒரு வீட்டுப் பிளானைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வேர்க்க விறுவிறுக்க நின்றாய். "இத வரைஞ்ச மகராசன் யாரு?" என்றாய். நான்தான் என்றேன். "பாத்ரூம் அங்கிட்டு, செப்டிக் டேங்க் இங்கிட்டு, நடுவுல ஹாலு. தண்ணி என்ன ஹாலுல உக்காந்து டிவி பாத்துட்டுப் போகுமா?" என்று கேட்டாய். எனக்கு வந்த கோபத்தில் ஸ்கேலை மேசைமேல் அடித்தேன். நீ அசரவில்லை. பென்சிலை என் கையிலிருந்து பிடுங்கி, பைப் போக வேண்டிய வழியை என் பிளான் மேலேயே கோணல்மாணலாகக் கிழித்துக் காட்டினாய். நீ சொன்னதுதான் சரி. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அப்படிச் சண்டையில் ஆரம்பித்தது முப்பது வருஷம் ஓடியது. நான் உன்னை மாப்ள என்பேன், நீயும் என்னை மாப்ள என்பாய். நான் சௌராஷ்டிராக்காரன், நீ முஸ்லிம். இதில் யார் யாருக்குப் பெண் கொடுத்தது என்று கேட்டால் இரண்டு வீட்டிலும் பதில் கிடையாது. உன் மனைவியை நான் தங்கச்சி என்றே கூப்பிட்டேன், அவரும் அண்ணே என்றார். ஒத்தக்கடையில் புதிதாகப் போட்ட பிளாட்டில் அடுத்தடுத்து இடம் வாங்கி, வீடு கட்டிக் குடியேறினோம். தினமும் காலை ஏழு மணிக்கு மதிலுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீ, மதில் மேலே இரண்டு டீ கிளாஸ். பேசுவதெல்லாம் பெரும்பாலும் ஒருவரை ஒருவர் மட்டம் தட்டுவதுதான்.

மாசிக் கடைசியில் நீ கடையிலேயே சரிந்துவிட்டாய். வலது கை, வலது கால் போயிற்று. பேச்சும் போயிற்று. ஆஸ்பத்திரிக்கு நான் ஒரே ஒரு நாள் வந்தேன், அது உனக்கும் தெரியும். வாசலில் நின்றேன். நீ என்னைப் பார்த்துவிட்டாய். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. என்னைக் கூப்பிடத்தான் பார்த்தாய் என்பது இப்போது புரிகிறது, ஆனால் வந்தது வார்த்தை இல்லை, ஒரு சத்தம். என் தப்பையெல்லாம் தெருவே கேட்கும்படி சொன்ன வாய் அது. நான் தங்கச்சியிடம், "காப்பி வாங்கிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு, பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன். காப்பியும் வாங்கவில்லை, திரும்பியும் வரவில்லை.

உன்னை வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகும் வரவில்லை. என் வீட்டுக்காரி தினமும் வந்தாள். ரசம் கொண்டுவருவாள், தங்கச்சி குளிக்கிற நேரம் உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். திரும்பி வந்து என்னைப் பார்க்கிற பார்வையிலேயே திட்டிவிடுவாள். "நீங்கல்லாம் ஒரு மனுசனா?" என்று ஒருநாள் நேராகவே கேட்டாள். முழங்கால் வலி, வெயில், அவனுக்குத் தொந்தரவு என்று ஏதேதோ சொன்னேன். டீயை வீட்டுக்குள்ளேயே குடிக்கத் தொடங்கினேன். தங்கச்சி உனக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற சத்தம் ஜன்னல் வழியாகக் கேட்கும். "ஆ சொல்லுங்க, அம்மா சொல்லுங்க" என்பார். நான் ஜன்னலைச் சாத்துவேன். இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது மாப்ள.

வைகாசி முடிகிற நேரம், துணி காயப்போடும்போது தங்கச்சி மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்துக் கூப்பிட்டார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "அண்ணே, டெய்லி காலையில ஏழு மணிக்கு சேரை இந்தச் சுவத்துப் பக்கமா திருப்பிப் போடச் சொல்றாரு. வாயில வரல, கையக் காட்டுறாரு. அரை மணி நேரம் சுவத்தையே பாத்துட்டு உக்காந்திருக்காரு, அப்புறம் உள்ள வந்துர்றாரு" என்றார். பிறகு சாதாரணமாகவே, இடது கைக்கு வேலை கொடுக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர், மாவு பிசையக் கொடுத்தால் தூக்கி எறிகிறார், என்ன செய்வதென்று தெரியவில்லை என்றார். "நாளைக்கு வாரேன் தங்கச்சி" என்றேன்.

மறுநாள் வந்தேன். ஒரு வார்த்தையோடு வந்திருக்க வேண்டும், அளவு டேப்போடு வந்தேன். உன் முகத்தைப் பார்க்காமல் நேராகப் பின்பக்கம் போய், வடகிழக்கு மூலையை அளந்தேன். உன் நாற்காலி உயரத்தையும் நீ உட்கார்ந்திருக்கும்போதே அளந்தேன். நீ தலையைத் திருப்பிக்கொண்டாய். "மாப்ள, கீழ குனியாம, சேர்ல உக்காந்தமானிக்கே காய்கறி போடலாம். மேட்டுப்பாத்தி. ரெண்டடி ஒசரம்" என்று உன் முதுகிடம் சொன்னேன். நீ திரும்பவே இல்லை. அதில் எனக்குக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

அன்று மாலையே பிளான் போட்டேன். எட்டடிக்கு ஆறடி. இரண்டு பக்கம் மதில், இரண்டு பக்கம் ஹாலோ பிளாக், மூன்று வரிசை. சிமெண்ட் பூசாமல் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்குவதுதான். வடக்கு எது என்று அம்புக்குறிகூடப் போட்டேன். நாலு வரிக் கீரைக்கு வடக்கு எதற்கு என்று என் வீட்டுக்காரி சிரித்தாள். நாற்பது வருஷமாக எத்தனையோ வீட்டுக்குப் பிளான் போட்டவன், ஒரு செங்கல்லைத் தூக்கி வைத்தவன் இல்லை. இரண்டு பிளாக் தூக்கியதும் இடுப்புப் பிடித்துக்கொண்டது. பெண்கள் இரண்டு பேரும்தான் பாதியைச் சுமந்தார்கள். மண் ஒரு யூனிட் வந்து வாசலில் கொட்டிவிட்டுப் போனது. பாதி செம்மண், பாதி கண்மாயில் அள்ளிய கரம்பை. கரம்பை மட்டும் போட்டால் காய்ந்து பாளம் பாளமாக வெடிக்கும் என்று எதிர்வீட்டு அம்மா சொல்லித்தான் கலந்தோம். அடியில் தேங்காய் மட்டை, காய்ந்த சருகு, மேலே மண்ணும் மாட்டு எருவும். நான்கு நாள் ஆனது. நீ நடையில் உட்கார்ந்து, எங்களைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாய்.

ஆடி பிறந்ததும் விதை போடுகிற நாள். தங்கச்சி வெண்டை விதையை வடிகஞ்சியில் ஊற வைத்திருந்தார். உன்னை மெதுவாக நடத்திக் கூட்டி வந்து நாற்காலியில் உட்கார வைத்தோம். உயரம் கச்சிதம். பாத்தியின் விளிம்பு உன் முழங்கைக்குச் சரியாக வந்தது, நான் உள்ளுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டேன். நீ இடது கையில் நான்கு விதையை எடுத்து நீட்டினாய். கை ஒன்றரை அடிக்கு மேல் போகவில்லை. உடம்பைச் சாய்த்தாய், இன்னும் அரை அடி. அதற்கு அப்பால் நாலடி மண் சும்மா கிடந்தது. சாய்ந்தவன் நிலை தடுமாறி மண்ணில் கன்னம் பதிய விழப்போனாய், தங்கச்சி சட்டையைப் பிடித்து இழுத்தார். விதைக் கிண்ணத்தை நீ தட்டிவிட்டாய். கஞ்சியும் விதையும் தரையெல்லாம் சிதறின. எழுப்பிவிடச் சொல்லிக் கை காட்டி, உள்ளே போய்விட்டாய்.

என் தப்பு எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. பிளான் வரைகிறவன் எதையும் மேலேயிருந்தே பார்க்கிறான். மேலேயிருந்து பார்த்தால் பாத்தியின் ஓரமும் ஒன்றுதான், நடுவும் ஒன்றுதான். பக்கத்தில் ஒரு மனுஷன் உட்கார்ந்து, ஒரே ஒரு கையை நீட்டுவான் என்பது காகிதத்தில் தெரியாது. நாற்காலியை அளந்தவன் உன் கையை அளக்கவில்லை. கையை அளக்க வேண்டுமென்றால் உன் பக்கத்தில் வந்து, உன்னைத் தொட்டு, முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அதைத்தான் நான் செய்யவில்லை.

இரண்டு நாள் தலை காட்டவில்லை. எல்லாவற்றையும் பிரித்துப் போட்டுவிடலாம் என்று மூன்றாம் நாள் கடப்பாரையோடு வந்தேன். அப்போது நீ நாலுகால் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு பாத்திக்கு முன்னால் நின்றிருந்தாய், பின்னால் தங்கச்சி. என்னைப் பார்த்ததும் ஊன்றுகோலைத் தூக்கி நடுவில் இருந்த ஒரு பிளாக்கைத் தட்டினாய். அதற்கு அடுத்ததையும் தட்டினாய். பிறகு மண்ணுக்குள் நேராக ஒரு கோடு காட்டி, ஊன்றுகோலை உன் நெஞ்சுப் பக்கம் திருப்பினாய். எனக்கு ஒரு நிமிஷம் ஆயிற்று புரிய. நடுவில் பிளாக்கை எடு, மண்ணை அள்ளு, நான் உள்ளே வருகிறேன் என்கிறாய். பாத்திக்குப் பக்கத்தில் இல்லை, பாத்திக்குள்ளேயே உட்கார வேண்டும் உனக்கு.

மூன்றடி அகலம், நாலடி ஆழம், நாற்காலி நுழைகிற மாதிரி ஒரு சந்து விட்டோம். இடப்பக்கம் இரண்டரை அடி மண், வலப்பக்கம் இரண்டரை, எதிரே மதிலோரம் இரண்டு. எந்தப் பக்கம் திரும்பினாலும் உன் இடது கைக்கு எட்டியது. முப்பது வருஷத்துக்கு முன்பு பென்சிலைப் பிடுங்கினவன், இப்போது ஊன்றுகோலால் என் பிளானைத் திருத்தினாய். இந்தத் தடவை எனக்குக் கொஞ்சமும் எரிச்சல் வரவில்லை.

தண்ணீர் பாய்ச்சத்தான் அடுத்த சண்டை. ஹோஸ் பிடித்து ஊற்றினால் போதும் என்று நான் சொல்ல, நீ வேகமாகத் தலையை ஆட்டினாய். கடையிலிருந்து கொண்டுவந்து போட்டிருந்த பைப்புச் சாமான் சாக்கைக் காட்டினாய். அரை இஞ்ச் பைப்பில் ஓட்டை போட்டுப் பாத்தியைச் சுற்றி விட வேண்டும், சரி. எத்தனை மூலை என்று விரல் விட்டு எண்ணி, "நாலு" என்றேன். அப்போது நீ வாயைத் திறந்தாய். உதடு கோணி, கழுத்து நரம்பு புடைத்து, "எல்போ" என்றாய். தங்கச்சி கையில் இருந்த வாளியைக் கீழே வைத்துவிட்டார். நீ என்னை முறைத்துப் பார்த்துக்கொண்டு, "ஆறு" என்றாய். மூலை நாலு போக, பைப்பைத் திருப்புகிற எல்போ தரையிலிருந்து பாத்திக்கு ஏற ஒன்று, ஏறிய பிறகு திரும்ப ஒன்று. உயரத்தை நான் மறுபடியும் மறந்திருந்தேன். அம்மா வரவில்லை, ஆ வரவில்லை, எல்போ வந்தது உனக்கு. "இரு, எடுத்துட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு மோட்டார் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். நான் அழுதது உனக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன். வெளியே வந்ததும் தங்கச்சி துண்டை நீட்டினார், நீ சிரித்தாய்.

அதிலிருந்து ஏழு மணிக்கு நான் மதிலோரம் நிற்பதில்லை, உன் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்துவிடுவேன். நீ அந்தச் சந்துக்குள் உட்கார்ந்திருப்பாய். வலப்பக்கம் வெண்டை, இடப்பக்கம் கத்தரியும் மிளகாயும், எதிரே தண்டுக்கீரை. ரீடியூசர், வாஷர், பெண்டு என்று பைப் கடைச் சொல்லெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. அதற்குப் பின்னால் தண்ணி, மண்ணு, பூ வந்தது. கத்தரியில் மாவுப்பூச்சி விழுந்தபோது, "வேப்பெண்ண... மறந்துட்டியா... மடையா" என்றாய். மூன்று சொல் சேர்ந்து வந்த சந்தோஷத்தில் தங்கச்சி அதை என் வீட்டுக்காரியிடம் ஓடிப்போய்ச் சொன்னார். தெருவில் பாதிப் பேருக்கு நான் மடையன் என்று அன்றைக்குத்தான் அதிகாரபூர்வமாகத் தெரிந்தது. நான் அவ்வளவு மகிழ்ச்சியாகத் திட்டு வாங்கியது என் வாழ்நாளில் இல்லை.

புரட்டாசியில் ஒரு காலை. முந்தின நாள் பெய்த மழையில் மண் இளகிக் கிடந்தது. நீ வெண்டைக்காயை இடது கையால் பிடித்து முறுக்கிப் பறிக்கப் பழகியிருந்தாய், நான் தட்டு ஏந்திக்கொண்டு நின்றேன். நீ பறிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்காமலேயே, "மூணு மாசம்" என்றாய்.

"என்ன மூணு மாசம்?" என்றேன், தெரியாதவன் மாதிரி.

"வரல. நீ."

முழங்கால், வெயில், தொந்தரவு என்று நான் தயாராக வைத்திருந்ததெல்லாம் எங்கே போயிற்றோ. "பயம் மாப்ள" என்றேன். "ஒன்ன அப்படிப் பாக்கப் பயமா இருந்துச்சு."

நீ கையில் இருந்த காயைத் தட்டில் போட்டாய். இனிமேல் வராதே என்று சொன்னால் போய்விட வேண்டியதுதான், அதற்கு உனக்கு உரிமை உண்டு என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

"எனக்கும்" என்றாய். "எனக்கும்... பயம்." அப்புறம் இலைக்கு அடியில் ஒளிந்திருந்த ஒரு காயைக் காட்டி, "அத... முத்த விடாத. பறி" என்றாய்.

நான் பறித்தேன். மன்னிச்சுரு என்று சொல்லப் பார்த்தேன். அதற்குள் உன் கை அடுத்த செடிக்குப் போய்விட்டது. இப்போது சொல்கிறேன் மாப்ள, மன்னிச்சுரு. நீ பயந்துபோய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த மூன்று மாதத்தில், நானும் பயந்தவனாகவே உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கலாம். தைரியசாலி வர வேண்டுமென்று நீ கேட்கவே இல்லை.

மார்கழியில் பக்கவாதம் இரண்டாவது தடவை வந்தபோது உனக்கு நேரம் கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு நான் கூடவே வந்தேன், உன் இடது கையைப் பிடித்தபடியே இருந்தேன், மத்தியானம் முடிந்துவிட்டது. பள்ளிவாசலில் தொழுகை முடிந்து கபர்ஸ்தானுக்குக் கூட வந்தேன். எல்லாரும் மூன்று கை மண் போட்டார்கள், என்னையும் போடச் சொன்னார்கள். குனிந்து அள்ளினேன். ஒரே சரளையும் சுண்ணாம்புக் கல்லுமாக இருந்தது. இந்த மண்ணில் என்ன முளைக்கும், இவனுக்கு நல்ல மண் போட வேண்டாமா என்று என் புத்தி அந்த நேரத்திலும் போயிற்று. உன்னிடம் சொல்லியிருந்தால் மடையா என்றுதான் சொல்லியிருப்பாய்.

பாத்தி இருக்கிறது. தங்கச்சி, உன் மகள் வீட்டுக்குப் போகவில்லை, இங்கேதான் இருக்கிறார். நாற்காலி நுழைய விட்ட அந்தச் சந்தில் மண் போட்டு நிரப்பிவிட்டால் இன்னும் நாலு செடி வைக்கலாம் என்று யாரோ வந்தவர் யோசனை சொன்னார். "அது இருக்கட்டும்" என்று தங்கச்சி முடித்துவிட்டார். ஒரு வாரம் காய் அவர் வீட்டுக்கு, ஒரு வாரம் எங்கள் வீட்டுக்கு. கத்தரிக்காய் மட்டும் தங்கச்சி கையால் குழம்பு வைத்து எங்கள் வீட்டுக்கு வந்துவிடும்.

போன மாதம் நம் தெருவில் மூன்றாவது வீட்டுக்காரருக்கு நெஞ்சில் ஆபரேஷன் ஆகி வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள். எனக்கும் அவருக்கும் ஆகாது. என் கேட்டுக்கு நேரே காரை நிறுத்திவிட்டுப் போகிறவர், இரண்டு தடவை வாய்ச்சண்டை போட்டிருக்கிறோம். அவரை இறக்கிவிட்ட அன்றைக்கே போனேன். என்ன பேசுவது என்று வழியெல்லாம் யோசித்தும் ஒன்றும் தோன்றவில்லை. அவர் வீட்டு வாசலில் நின்றபோது அதே பயம் வந்தது, கால் திரும்பப் பார்த்தது. கதவைத் தட்டிவிட்டேன். உள்ளே அவர் சாய்ந்து படுத்திருந்தார், நெஞ்சில் கட்டு. முகம் வெளுத்து, ஆளே பாதியாகியிருந்தார். நான் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அரை மணி நேரம் கழித்து எழுந்தேன். அவர் என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

"பேசாதீங்கண்ணே, நாளைக்கு வாரேன்" என்றேன்.

மறுநாள் போனேன்.